வால் முளைத்த படங்கள்

ஆடி மாதம் வந்தால் எனக்கு வேலை அதிகம். கல்யாணமே நடக்காத மாதத்தில் கல்யாண ஆல்பம் செய்கிறவளுக்கு என்ன வேலை என்று பலரும் கேட்பார்கள். வைகாசியிலும் ஆனியிலும் எடுத்துக் குவித்த படங்கள் ஆடியில்தான் என் கைக்கு வந்து சேரும். தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு நடு அறையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் இடையில் ஒரு மேஜை. அதன் மேல் கம்ப்யூட்டர். கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாய், படங்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு அனுப்புவார். நான் அவற்றைப் பொறுக்கி, நிறம் திருத்தி, பக்கம் பக்கமாக அடுக்கித் திருப்பி அனுப்பினால் அவர் அச்சுக்குக் கொடுப்பார். இப்படித்தான் ஏழெட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவன். வேலை கிடைக்காமல் எங்களோடு இருந்தான். செல்போனில் தன்னையே வீடியோ எடுத்துப் போடுவதுதான் அவனுக்குப் பொழுது. முகத்தை வழவழவென்று காட்டுகிற ஒரு மென்பொருள் அவனுக்கு வேண்டியிருந்தது. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். காசில்லாமல் கிடைக்கிற கள்ள நகலை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். ஏற்றுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடும்படி, அதைச் சொல்லிக்கொடுத்த வீடியோவிலேயே சொன்னார்களாம். நிறுத்தியிருக்கிறான். வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கப் போ என்று யாராவது சொன்னால் நமக்குச் சந்தேகம் வராதா? அவனுக்கு வரவில்லை.

நான் திரும்பி வந்தபோது அவன் வீட்டில் இல்லை. திரையில் விண்டோஸ் அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம் என்று ஒரு சின்னப் பெட்டி தெரிந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த மின்விசிறி மிக்ஸி ஓடுகிற மாதிரி இரைந்தது. அப்டேட் என்றால் இப்படித்தான் நேரம் இழுக்கும் என்று நினைத்து, சர்க்கரையையும் பருப்பையும் டப்பாவில் கொட்டப் போய்விட்டேன். அது அப்டேட்டே இல்லை, என்னை மேஜைப் பக்கம் வராமல் வைத்திருப்பதற்கான நாடகம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சமையல் முடித்து வந்து உட்கார்ந்தேன். படங்களின் சின்ன உருவம் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதம் வரிசையாக நின்றது. மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, அம்மி மிதிப்பது, எல்லாமே வெள்ளை. ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. வால் முளைத்த மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஃபோல்டரில் ஒரு படம் வெள்ளையானது. அதற்கடுத்ததும் ஆனது. கண்ணெதிரே கரையான் அரிக்கிற மாதிரி.

இண்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். பாயின் ஹார்ட் டிஸ்கையும் பிடுங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பழைய லேப்டாப்பில் அந்த டிஸ்கை மாட்டிப் பார்க்கலாமா என்று எழுந்தேன். அவளுடையதிலும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று தோன்றியதும் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போதெல்லாம் அந்த டிஸ்க் அதிலேயே மாட்டிக் கிடக்கும். இரண்டாவது பிரதி என்று நாங்கள் நம்பியிருந்தது அது ஒன்றுதான். நான் பிடுங்குவதற்கு முன்பே அதில் இருந்ததும் வால் முளைத்துப் போயிருந்தது.

ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. கவலைப்பட வேண்டாம், உங்கள் கோப்புகள் எல்லாம் பத்திரமாக உள்ளன, பூட்டியிருக்கிறோம், அவ்வளவுதான், சாவி எங்களிடம் இருக்கிறது என்று சொன்னது. பணத்தை டாலரில் கேட்டிருந்தார்கள். சீக்கிரமாக எழுதினால் பாதி விலையாம். எங்கள்மேல் நம்பிக்கை வருவதற்காக ஒரே ஒரு கோப்பை அனுப்புங்கள், இலவசமாகத் திறந்து தருகிறோம் என்றும் இருந்தது. ஆடித் தள்ளுபடிக்குத் துணிக்கடை நோட்டீஸ் வருமே, அந்த மாதிரி.

மிரட்டியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்கும். அந்த மரியாதைதான் குமட்டலைக் கொண்டுவந்தது. ஒருவன் வீட்டுக்குள் புகுந்து சோற்றுப் பானையில் துப்பிவிட்டு, வெளியே நின்று சாப்பிட்டாயா தாயே என்று விசாரிக்கிற மாதிரி இருந்தது. எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து அந்த விசைப்பலகையைத் தொட மனம் வரவில்லை.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். நடந்ததைச் சொன்னேன். குறிப்பைப் படித்துப் பார்த்தவன், "டிஸ்கவுண்ட்லாம் தர்றானுங்க அண்ணி" என்றான்.

"நீ இன்னாடா ஏத்துன இதுல?"

"சும்மா ஒரு சாஃப்ட்வேர் அண்ணி. எல்லாரும் போட்டுக்கினுதான் கீறாங்க. எவனுக்கும் ஒண்ணும் ஆவல. உங்க சிஸ்டம் பழசு, அதான்."

என் வீட்டுக்காரர் உரக்கடையிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். "எல்லாம் பொட்டிக்குள்ளதான இருக்குது? எவனும் தூக்கினு போலியே" என்றார். திருடு போயிருந்தால் ஊரைக் கூட்டி அழுதிருக்கலாம். இது நம் வீட்டுக்குள்ளேயே, நம் மேஜையிலேயே இருக்கிறது, ஆனால் நமக்கு இல்லை. இதை என்னவென்று சொல்லி அழுவது?

மறுநாள் காலையிலேயே பாய் பைக்கில் வந்துவிட்டார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து வெள்ளைக் காகிதங்களைப் பார்த்தார்.

"கேமரா கார்டுல இருக்குமே பாய்?" என்று கேட்டேன். அந்த ஒரு நம்பிக்கையில்தான் விடியும்வரை இருந்தேன்.

"இல்லம்மா. உங்கிட்ட டிஸ்கு குடுத்ததும் அழிச்சிட்டு அடுத்த ஃபங்ஷன் எடுத்துட்டேன். அதுக்கு மேலயும் நாலு ஃபங்ஷன் எடுத்தாச்சி." தலையைக் கையால் தாங்கிக்கொண்டார். "மத்தவங்களக் கூட சொல்லி சமாளிச்சிடலாம். அந்த மலைக் கல்யாணத்துக்கு இன்னா பதில் சொல்றது? பொண்ணோட அப்பா மௌத்தாயிட்டாரும்மா. மரவள்ளி ஏத்தினு வந்த டிராக்டரு திருப்பத்துல கவுந்துடுச்சி. காரியத்துக்கு மாட்டறதுக்கு ஒரு படம் குடுங்க பாய்னு அந்தப் பொண்ணு போன் பண்ணுது."

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊர். பாயே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்த கல்யாணம் அது. அந்த அப்பா எனக்கு முகம் பழகியவர். நேரில் பார்த்ததில்லை, படங்களில்தான். இப்படி எனக்குப் பழக்கமானவர்கள் நிறையப் பேர். மடிப்புக் கலையாத புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எல்லாப் படத்திலும் யாருக்காவது தட்டில் எதையாவது வைத்துக்கொண்டே இருந்தார். கேமராவை அவர் பார்த்த படங்கள் மிகக் குறைவு. முந்தின வாரம்தான் அவற்றைத் தேடித் தனியே எடுத்து வைத்திருந்தேன்.

பாய்க்கு யாரோ ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். தொலைந்த கோப்புகளை மீட்டுத் தரும் கம்பெனி என்று சொல்லிக்கொள்கிற ஆள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். நூறு சதவீதம் எடுத்துத் தருகிறேன் என்றான். குரலில் தேன் ஒழுகியது.

"எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்க டெக்னாலஜி மேடம். நீங்க அந்த நோட்ல ஒரு ஐடி நம்பர் இருக்கும் பாருங்க, அத மட்டும் அனுப்புங்க."

"அந்த நம்பரு எதுக்கு? அவனுங்களுக்கு எழுதறதுக்குத்தான அது?"

குரலில் இருந்த தேன் வற்றிவிட்டது. "உங்களுக்கு ஃபைல் வேணுமா, வேணாமா மேடம்?" என்றான்.

போனை வைத்துவிட்டேன். பூட்டினவனிடம் இவன் போய்ச் சாவி வாங்கி, நடுவில் தன் கூலியையும் வைத்து எங்களிடம் விற்பான். இதற்குப் பெயர் டெக்னாலஜி. கழுகு தின்றது போக மிச்சத்துக்குக் காக்கை வருகிற மாதிரி என்று சொல்ல நினைத்தேன். காக்கையைக் கேவலப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த நாள் மணலூர்பேட்டையிலிருந்து என் மாமா போன் செய்தார். அம்மாவின் தம்பி, அதட்டிப் பேசத் தெரியாதவர். அன்றைக்குக் குரல் இறுகியிருந்தது.

"இன்னாம்மா இது, ஃபேஸ்புக்குல நீ இந்த மாதிரிலாம் அனுப்பற? உங்க அத்த பாத்துட்டு போனத் தூக்கிப் போட்டுட்டா."

நான் எதையும் அனுப்பவில்லை. என் பெயரில், என் முகத்தோடு, சொந்தக்காரர் எல்லாருக்கும் ஆபாசப் படத்துக்கான இணைப்பு போயிருந்தது. பூட்டுப் போட வந்த அதே பீடை, கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. என் போனை எடுத்து ஒவ்வொரு கணக்காகப் பாஸ்வேர்டை மாற்றினேன். மெயில், பேங்க், ஃபேஸ்புக், கேஸ் புக்கிங் வரைக்கும். போனுக்கு ஒரு எண் வந்தால்தான் உள்ளே போக முடியும் என்கிற ஏற்பாட்டையும் எல்லாவற்றிலும் போட்டேன். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் போன் செய்து, அதைத் திறக்காதீர்கள், அது நான் இல்லை என்று சொன்னேன். சிலர் நம்பினார்கள். சிலர் "பரவால்லம்மா, வுடு" என்றார்கள். அந்தப் பரவாயில்லை இன்றைக்கும் என் மேல் பிசுபிசுத்துக்கொண்டிருக்கிறது.

அன்று மதியம் கொழுந்தன் தன் போனை நீட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தான். "பாருங்க அண்ணி, வந்துட்ச்சி!"

அந்த அப்பா. மகளுக்குப் பக்கத்தில், கையில் சந்தனக் கிண்ணத்தோடு, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூலைகூடச் சிதையாமல் முழுப் படம். ஒரு நொடி என் வயிறு குளிர்ந்தது. மறு நொடி புரிந்தது.

"எங்கருந்து வந்துது?"

"அவனுங்ககிட்டருந்துதான். ஒண்ணு இலவசம்னு போட்டிருந்தானுங்கல்ல? நீங்களும் பாயும் இத வெச்சித்தான பேசிக்கினு இருந்தீங்க, அதான் நீங்க தனியா வெச்சிருந்ததுலருந்து இத போனுக்கு எடுத்து அனுப்பிச்சேன். பாருங்க, நாணயமானவனுங்க. பணத்தக் கட்டுனா மொத்தமும் வந்துடும்."

படத்தோடு அவர்கள் எழுதியிருந்ததையும் காட்டினான். நண்பரே என்று ஆரம்பித்திருந்தார்கள். அழகான குடும்பம் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்துப்போன மனிதர். மஞ்சள் பூசிய முகத்தோடு நிற்கிற பெண். எந்த நாட்டிலோ ஒருவன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, இவர்களைத் திறந்து பார்த்து, அழகான குடும்பம் என்று சான்றிதழ் கொடுக்கிறான். அதை வாங்கிக்கொண்டு வந்து இவன் நாணயமானவன் என்கிறான்.

"யாரக் கேட்டு அனுப்புன? அது உன் வூட்டுப் படமா?"

"நல்லதுக்குத்தான அண்ணி பண்ணேன்!"

"அந்தப் பொண்ணு மூஞ்சிய எவனோ ஒரு திருட்டுப் பையனுக்கு அனுப்பறது நல்லதா? உன் அக்கா படமா இருந்தா அனுப்புவியா?"

அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் தப்பு என்று சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. என் வீட்டுக்காரர்தான் நடுவில் வந்து, "கட்டித் தொலச்சிடலாமா? நிம்மதியாப் போவும்" என்று மெதுவாகக் கேட்டார். முடியாது என்றேன். கட்டினால் சாவி வரும் என்பதற்கு அவன் சொல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது? வந்தாலும், நாம் கொடுத்ததை வைத்து அவன் அடுத்த வீட்டுப் பானையில் துப்புவான். பாயிடம் போனில் கேட்டேன். "வாணாம்மா. ஹராமான காசு அவனுக்கு நம்ம கையால போவ வாணாம். ஜனங்க கிட்ட நான் தலகுனிஞ்சிக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் போனில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இந்த மாதிரிப் பூட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூடுகிற இணையப் பக்கம் ஒன்று கிடைத்தது. குறிப்பையும் வால் முளைத்த ஒரு கோப்பையும் கொடுத்தால் எந்த வகைப் பூட்டு என்று சொல்லிவிடுகிற இடமும் இருந்தது. என் கொல்லையில் நானே எடுத்த செம்பருத்திப் படம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைக் கொடுத்தேன். வகை தெரிந்தது. சில நேரம் அந்த வகைக்கு ஒரு பொதுச் சாவி அமையுமாம். அப்படி அமைந்தால் இலவசமாகவே திறந்துகொள்ளலாம். எங்களுக்கு அமையவில்லை. எங்களுக்கென்று தனிச் சாவி போட்டுப் பூட்டியிருந்தான்.

ஆனால் அங்கே முகம் தெரியாத ஒருவர் எனக்கு எழுதினார். இந்த வகை அவசரக்காரன், ஒவ்வொரு கோப்பிலும் தலைப்பகுதியை மட்டும்தான் கெடுப்பான், அப்போதுதான் சீக்கிரம் எல்லாவற்றையும் முடிக்கலாம், உங்கள் படங்கள் பெரியவை என்றால் உடம்பு அப்படியே இருக்கும் என்றார். அதே கேமராவில், அதே அளவில் எடுத்த நல்ல படம் ஒன்று இருந்தால், அதன் தலையை எடுத்து இதற்கு வைத்துப் பார்க்கலாம். ஆனால் முதலில் எல்லாவற்றையும், வாலோடு இருக்கிறபடியே, புது டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து வையுங்கள், எதையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள் என்றார். இப்படி ஒரு ஆளும் அதே இண்டர்நெட்டில்தான் இருக்கிறார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் சொன்னபடி செய்தேன். பாய் தன் பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பீடையைத் தேடி ஒழிக்கும் நிரலை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தார். என் கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்தே தொடங்கவைத்துத் துருவினோம். கொழுந்தன் ஏற்றியதும், அது கூட்டிக்கொண்டு வந்த குட்டிகளும், கணினி திறக்கும்போதெல்லாம் தானும் எழுந்துகொள்ள அது செய்து வைத்திருந்த ஏற்பாடும் ஒவ்வொன்றாக அகப்பட்டன. பல்லிடுக்கில் சிக்கிய நாரை உருவுகிற மாதிரி இருந்தது. அப்புறமும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பூட்டிய கோப்புகளைப் புது டிஸ்கில் பத்திரமாக எடுத்துக்கொண்டு, பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு, காசு கொடுத்து வாங்கிய விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம். சாணி மெழுகிய தரையில் மறுபடி கால் வைத்த மாதிரி அன்றைக்குத்தான் அந்த மேஜையில் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

அடுத்து ஒரு நல்ல படம் வேண்டும். பாய் அதே கேமராவை, அதே அளவில் வைத்து, எங்கள் வீட்டுச் சுவரை எடுத்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரின் லுங்கியும் அதில் விழுந்தது. அந்தச் சுவரின் தலையை எடுத்துக் கல்யாணப் படங்களுக்கு வைத்தோம்.

முதல் படம் திறந்தபோது பாய் "யா அல்லா" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டார். மேலே ஒரு சாம்பல் பட்டை இருந்தது. அதற்குக் கீழே பந்தல், ஆட்கள், ஜமக்காளம், தட்டு எல்லாம் இருந்தன. நிறம் மட்டும் கெட்டுப்போய், முகங்கள் பாசி பிடித்த மாதிரிப் பச்சையாக இருந்தன. பச்சையை எடுப்பது என் தொழில். பட்டையை வெட்டிவிடலாம். அழுதுகொண்டே வேலை செய்தேன் என்று சொன்னால் அது பொய். கோபத்தோடு செய்தேன். ஒவ்வொரு முகத்திலிருந்தும் அந்தப் பச்சையை எடுக்கும்போது, அவன் கை அங்கே பட்ட இடத்தைத் துடைக்கிறேன் என்றே தோன்றியது.

எல்லாம் வரவில்லை. அளவில் சிறிய படங்கள் முழுக்கப் போய்விட்டன, அவற்றில் தலை போனால் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்தவை, என் பையன் பள்ளிக்கூடத்தில் ஆடியவை, எங்கள் வீட்டுப் பழைய படங்களை நான் நகலெடுத்து வைத்திருந்தவை, இவற்றில் ஒன்றும் தேறவில்லை. நான் அடுக்கி முடித்திருந்த ஆல்பப் பக்கங்களும் போயின. அவற்றை மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன்.

மலைப் பெண் தன் அம்மாவோடு ஒருநாள் இறங்கி வந்தாள். கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பாய் நடந்ததைப் போனிலேயே சொல்லியிருந்தார். மீட்ட படங்களைக் காட்டினேன். அந்த அம்மா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மீட்க முடிந்த எல்லாப் படத்திலும் அவர் பரிமாறிக்கொண்டே இருந்தார், குனிந்தபடி, பக்கவாட்டில்.

"நேரா பாக்குற மாதிரி ஒண்ணு இருந்திச்சேக்கா? எங்கூட நிக்கற மாதிரி?" என்று பெண் கேட்டாள்.

இருந்தது. பட்டையும் பச்சையும் இல்லாமல் முழுசாக ஒன்று இருந்தது. அதன் மூலப் படத்தை நாங்கள் மீட்க முயன்றபோது பாதியில் கிழிந்து வந்தது. முழுசாக இருந்தது திருடன் அனுப்பியது மட்டும்தான். மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. எப்படி வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் கொழுந்தன் செய்ததையும், அவர்கள் எழுதிய வார்த்தையையும் சொன்னேன். சொல்லும்போது என் வாயே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"அது வேணாம்மா. பாத்தாலே எனக்கு ஒடம்பு கூசுது. கிழிஞ்சத நான் எப்படியாவது ஒட்டித் தர்றேன்."

அவள் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "காட்டுங்கக்கா" என்றாள்.

காட்டினேன். அம்மாவும் மகளும் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவனுங்க பாத்துட்டா எங்கப்பா வேற ஆளா ஆயிடுவாரா?" என்றாள் பெண். "அசிங்கம் அவனுங்களுதுக்கா. எங்கப்பா நல்லாத்தான் நிக்கறாரு. இதயே குடுங்க."

எனக்கு ஒப்பவில்லை. இருந்தாலும் அது அவள் அப்பா, அவள் முகம். என் அருவருப்பை அவள் தலையில் சுமத்த எனக்கு உரிமை இல்லை. பாய் அதைப் பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்.

கம்ப்யூட்டருக்கு இப்போது தனிப் பாஸ்வேர்டு. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. படங்கள் வந்ததும் இரண்டு டிஸ்கில் நகல் எடுத்து, வயரைக் கழற்றி, ஒன்றை பீரோவில் புடவைக்கடியில் வைக்கிறேன். இன்னொன்று பாயின் கடையில் இருக்கிறது. ஆல்பம் கைக்குப் போகிறவரை கேமரா கார்டை அவர் அழிப்பதில்லை. மென்பொருளுக்கு மாதா மாதம் காசு கட்டுகிறேன். அப்டேட் என்று எது வந்தாலும், அது உண்மையானதுதானா என்று செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய்ப் பார்க்காமல் நகர்வதில்லை. ஆன்டிவைரஸை நிறுத்து என்று சொல்கிற எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை. இதெல்லாம் என்னைச் சுத்தமாக்கிவிட்டதா என்று கேட்டால், இல்லை. வெளியூர்க் கல்யாணத்தில் யாராவது, "நீதான அந்தப் படம் அனுப்புன பொண்ணு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் இன்னமும் தொண்டையில் புளித்துக்கொண்டு வருகிறது. நண்பரே என்று எழுதிய அந்தத் திருடர்கள் கொஞ்ச நாள் கழித்துக் கொழுந்தனுக்கு மறுபடி எழுதினார்கள். ஏன் பதில் இல்லை, விலையை இன்னும் குறைக்கிறோம் என்று. நான் போலீசுக்குக் கொடுத்த புகாரோடு அதையும் சேர்த்துவிட்டேன். கொழுந்தன் இப்போது ஒரு செல்போன் கடையில் இருக்கிறான். வருகிறவர்களுக்கு எல்லாம் இலவசமாக ஏற்றித் தருவதில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருக்கிறானாம். எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

ஐப்பசியில் ஆல்பம் முடிந்ததும் பாயும் அவர் மனைவியும் நானுமாக மலைக்குப் போனோம். தபாலில் அனுப்ப பாய்க்கு மனமில்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாதையோரம் மரவள்ளி மூட்டைகள் ஏற்றக் காத்துக் கிடந்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அந்தப் படம். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மா அதைக் கவனித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஆல்பத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். படங்களில் தங்களைக் கண்டுபிடித்தவர்கள் சிரித்தார்கள். பக்கங்கள் கை மாறிக் கை மாறிப் போயின. பெண்ணின் அம்மா வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள்.

"அவனப் புடிச்சிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அவனுங்களப் புடிக்கறது கஷ்டம்."

"எந்த ஊர்க்காரன்னாவது தெரிஞ்சிதா?"

"அதுவும் தெரியல."

"ஊரு பேரு தெரியாதவனுக்கு எங்க வூட்டுக் கல்யாணம் இன்னாத்துக்கு?" என்றாள்.

விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவனுக்கு உங்கள் கல்யாணமும் வேண்டாம், என் வேலையும் வேண்டாம், நாம் யாரென்றே அவனுக்குத் தெரியாது, வலையை வீசிவிட்டு உட்கார்ந்திருப்பான், விழுந்ததைப் பிடித்துக்கொள்வான் என்றெல்லாம். பாதியில் நிறுத்திவிட்டேன். யாரென்றே தெரியாமல் ஒருவன் நம்மை இத்தனை அசிங்கப்படுத்த முடியும் என்பதை அவளுக்கு எப்படிச் சொன்னாலும் சரியாக வரவில்லை. "காரம் போட்ட சட்டினி இருக்குது, வெச்சிக்கறியா?" என்று கேட்டாள். வைக்கச் சொன்னேன்.